ஞாயிறு மெல்லச் சுழல்வது ஏன்?

கீழ்வானில் நாள்தோறும் எழுந்து உலகிற்கு ஒளியும் வெம்மையும் வழங்கும் ஞாயிற்றை அறியாதார் இலர். ஆயின், அந்த ஞாயிறும் தன்னைத்தானே சுற்றிக்கொள்கின்றது என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? பழனிமலைத் தொடரின்மீது அமைந்த கோடைக்கானல் வானாய்வகத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஞாயிற்றின் ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன. அடுத்தடுத்த நாள்களில் எடுத்த படங்களை வரிசையாக வைத்து நோக்கினால், ஞாயிற்றின் முகத்தில் உள்ள கரும்புள்ளிகள் நாளுக்கு நாள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நோக்கி நகர்வதைக் காணலாம். ஞாயிறு சுழல்வதனாலேயே அப்புள்ளிகள் இடம் பெயர்கின்றன. அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒருமுறை சுழன்று வர ஏறத்தாழ 25 நாள்கள் ஆகின்றன. கோள்களுள் பெரியதாகிய வியாழனோ 10 மணி நேரத்திற்குள் தன்னை ஒருமுறை சுற்றிவிடுகின்றது. குடும்பத் தலைவனாகிய ஞாயிறு இங்ஙனம் மெல்லச் சுழல்வது ஏன்?

“பெரிய பொருள் மெல்லச் சுழல்வது இயல்புதானே? இதில் வியப்பதற்கு என்ன இருக்கின்றது?” என்று நீங்கள் வினவலாம். அஃது இயல்பன்று. இவ்வெளிய வினாவிற்கு விடை காணமாட்டாமல் அறிஞர் உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் இடர்ப்பட்டது. ஞாயிறும் கோள்களும் தோன்றிய வரலாற்றையே இவ்வினா ஒருமுறை தலைகீழாக்கியது. அவ்வரலாற்றை இங்குக் காண்போம்.

நம் முன்னோர் வானத்து ஒளிகளை நாண்மீன் என்றும் கோண்மீன் என்றும் இருவகையாகப் பிரித்து வழங்கினர். தம்முள் இடம் மாறாது நிற்பவை நாண்மீன்கள். அவற்றினூடே இடம் பெயர்ந்து செல்பவை கோண்மீன்கள். இக்கோள்கள் அனைத்தும் ஞாயிற்றை ஒரே திசையில் சுற்றுகின்றன. ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுகின்றன. ஞாயிறு சுழலும் திசையும் அதுவே. இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்திருத்தல் இயலாது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த மக்களிடத்தே முகச்சாயல் ஒத்திருப்பது போல, ஞாயிற்றுக்கும் கோள்களுக்கும் பிறப்பிடம் ஒன்றாதல் வேண்டும் அன்றோ?

செருமானிய நாட்டு மெய்யறிஞர் இம்மானுவேல் கான்ட் என்பவர் 1755ஆம் ஆண்டிலும், பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை லாப்லாஸ் என்பவர் 1796ஆம் ஆண்டிலும் இக்கருத்தைத் தனித்தனியே வெளியிட்டனர். விண்வெளியில் பரந்து கிடந்த மாபெரும் முகில் ஒன்று, தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிற்று. சுருங்கச் சுருங்க விரைந்து சுழன்று தட்டையாயிற்று. அதன் நடுப்பகுதி ஞாயிறாகவும், சுற்றிலும் நின்ற பகுதி கோள்களாகவும் உருப்பெற்றன. இதுவே அவர்கள் கருத்தின் சுருக்கம்.

சுருங்கும் பொருள் விரைந்து சுழலும் என்பதை நீங்களே எளிதில் கண்டறியலாம். ஒரு கயிற்றின் நுனியில் சிறு கல்லைக் கட்டிச் சுழற்றுங்கள். சுழலும்பொழுதே கயிற்றின் மறுமுனையை இழுத்து, கல் சுற்றும் வட்டத்தைச் சிறிதாக்குங்கள். வட்டம் குறுகக் குறுகக் கல் விரைந்து சுழல்வதைக் காண்பீர்கள். ஒரு பொருளின் நிறை, அதன் வேகம், சுழலும் நடுவிடத்திலிருந்து அதன் தொலைவு ஆகிய மூன்றனையும் பெருக்கி வருவதனைக் கோண உந்தம் என்பர். புறத்தேயிருந்து வேறொரு விசை முறுக்கினாலன்றிக் கோண உந்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எனவே தொலைவு குறைந்தால், அதற்கு ஈடாக வேகம் மிகுதல் வேண்டும். இஃது இயற்கை வகுத்த மாறாக் கணக்கு.

இக்கணக்கே லாப்லாசின் கொள்கைக்குக் கூற்றாயிற்று. ஞாயிற்றுக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 விழுக்காடு ஞாயிற்றினிடத்தே உள்ளது. முகிலின் பொருளெல்லாம் நடுவில் வந்து குவிந்ததாயின், அதன் கோண உந்தமும் உடன் வந்து குவிந்திருத்தல் வேண்டும். ஆயின், கணக்கிட்டுப் பார்த்தபொழுது நிலைமை நேர்மாறாக இருந்தது. கோண உந்தத்தில் 98 விழுக்காட்டிற்கு மேற்பட்ட பகுதி கோள்களின் பங்காக அமைந்திருந்தது. வியாழன் ஒன்றே ஏறத்தாழ 60 விழுக்காட்டினைத் தன்னகத்தே கொண்டிருந்தது. வீட்டின் நிலபுலங்கள் அனைத்தும் தந்தை பெயரில் இருக்க, விளைந்த நெல் முழுவதும் சிறுவர்களின் குதிரில் நிறைந்திருந்தாற்போல்வது இது. நெல் எவ்வழியாகத் தந்தையின் களத்தைவிட்டு நீங்கியது என்று கூற இயலாதவன் சொல்லும் கணக்கை எவர் ஏற்பர்?

ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் லாப்லாசின் கொள்கையைக் கைவிட்டனர். வேறொரு விண்மீன் ஞாயிற்றின் அருகே கடந்து சென்றது எனவும், அதன் ஈர்ப்பினால் ஞாயிற்றிலிருந்து பறிக்கப்பட்ட பொருளே கோள்களாயிற்று எனவும் கூறினர். இங்கிலாந்து நாட்டு அறிஞர் சேம்சு சீன்சு இக்கருத்தைப் பெரிதும் பரப்பினார். இதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஞாயிற்றிலிருந்து பறிக்கப்பட்ட பொருள் மிகுந்த வெப்பமுடையது. அது திரண்டு கோளாவதற்கு முன்னரே வெளியெங்கும் சிதறிப்போகும் என்று லைமன் சிபிட்சர் என்பார் 1939ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். பழைய கொள்கை விழுந்தது. புதிய கொள்கையும் விழுந்தது. எனினும் ஞாயிறு மெல்லச் சுழன்றுகொண்டேயிருந்தது.

இப்புதிரை அவிழ்க்கும் திறவுகோல், பொருளின் நான்காம் நிலையில் இருந்தது. திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்று நிலைகளை நீங்கள் அறிவீர்கள். பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகும்; நீரைச் சூடாக்கினால் ஆவியாகும். ஆவியை மேன்மேலும் சூடாக்கினால் யாதாகும்? மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகப் பிரியும். பின்னர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று ஓடும். எலக்ட்ரானை இழந்த அணு நேர்மின்னேற்றம் உடைய அயனியாகும். எலக்ட்ரான்களும் அயனிகளும் ஒருங்கு கலந்து திரியும் இந்நிலையே பிளாஸ்மா எனப்படும். வெப்பத்தினால் மட்டுமன்றி, மின்பாய்ச்சலாலும் ஆற்றல் மிகுந்த கதிர்களாலும் வளிமத்தை இந்நிலைக்குக் கொண்டு வரலாம்.

1879ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்சு என்னும் ஆங்கில அறிஞர், வளி பெரிதும் நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்னைச் செலுத்தி ஆராய்ந்து, பொருளின் நான்காம் நிலையைப் பற்றிப் பேசினார். பிளாஸ்மா என்னும் பெயரை 1928ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மூர் வழங்கினார். இன்ன வெப்பத்தில், இன்ன அழுத்தத்தில் இத்துணை அணுக்கள் அயனிகளாகும் எனக் கணக்கிடும் வாய்பாட்டை 1920ஆம் ஆண்டில் உலகிற்கு அளித்தவர் நம் நாட்டு அறிஞர் மேகநாத சாகா ஆவார்.

மின்னல் வெட்டும் பாதையும், குழல்விளக்கினுள் ஒளிரும் ஆவியும் பிளாஸ்மாவே. நாம் வாழும் நிலவுலகில் பிளாஸ்மா அரிது. விண்ணிலோ அதுவே பெரும்பான்மை. ஞாயிறு முழுவதும் ஒரு பிளாஸ்மாக் கோளம்; விண்மீன்கள் அனைத்தும் அத்தகையனவே. நிலம், நீர், தீ, வளி, விசும்பு என ஐம்பெரும் பூதங்களை வகுத்த நம் முன்னோர் தீ என்றது இதனைத்தான் என்று கூறிப் பெருமை கொள்வாரும் உளர். அது பொருந்தாது. முன்னோர் பெருமை அவர்கள் அறிந்தவற்றில் உள்ளது. அறியாதவற்றை அவர்கள்மேல் ஏற்றுதல் அவர்களைச் சிறப்பிப்பது ஆகாது.

வளிமத்திற்கும் பிளாஸ்மாவிற்கும் உள்ள பெரிய வேறுபாடு யாது? சாதாரண வளிமம் காந்தத்தை மதியாது. பிளாஸ்மாவோ காந்தத்திற்குக் கட்டுப்பட்டது. மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தவிசைக் கோடுகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லுமேயன்றி, அவற்றை எளிதில் கடந்து செல்லமாட்டா. எனவே பரந்த பிளாஸ்மாவில், பொருளும் காந்தக் கோடுகளும் ஒன்றோடொன்று உறைந்தாற்போல் பிணைந்து நிற்கும். பொருள் நகர்ந்தால் கோடுகளும் உடன் நகரும். கோடுகள் வளைந்தால், இழுத்துக் கட்டிய கயிற்றைப் போல் நிமிர முயன்று பொருளை இழுக்கும். கண்ணுக்குப் புலனாகாத இக்கயிறுகளின் வழியே ஓரிடத்துச் சுழற்சியை வேறோரிடத்திற்குக் கடத்தல் இயலும்.

இவ்வுண்மையை வானியலிற் புகுத்திய முதல்வர் சுவீடன் நாட்டு அறிஞர் ஆனசு ஆல்வேன் ஆவார். இழுத்துக் கட்டிய நரம்பில் அதிர்வு செல்வது போல, பிளாஸ்மாவினுள் காந்தக் கோடுகள் வழியே அலைகள் செல்லும் என்று அவர் 1942ஆம் ஆண்டில் எழுதினார். ஞாயிற்றின் சுழற்சியைக் குறைத்துக் கோள்களுக்கு உரிய பொருளிடம் சேர்ப்பித்தவை காந்தக் கோடுகளே என்னும் கருத்தையும் அக்காலத்தே வெளியிட்டார். அவர் கூற்றைப் பலர் நம்பவில்லை. ஆயினும் அவர் தளரவில்லை. காலம் செல்லச் செல்ல ஆய்வுக்கூடங்களிலும் விண்ணிலும் அவ்வலைகள் கண்டறியப்பட்டன. 1970ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியலுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இனி, ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகளுக்கு முன், நம் ஞாயிறு பிறந்த முகிலினுள் நுழைவோம். சுருங்கிய முகில், அகன்ற வட்டத் தட்டாகச் சுழல்கின்றது. நடுவே இளஞாயிறு திரள்கின்றது. ஆனால், தட்டில் உள்ள பொருள் நடுவே சென்று விழ இயலவில்லை. ஏன்? கோண உந்தம் அதனைத் தடுக்கின்றது. தன்னிடமுள்ள கோண உந்தத்தை வேறெவரிடமேனும் ஒப்படைத்தாலன்றி, அப்பொருள் உள்நோக்கி ஓர் அடியும் எடுத்து வைத்தல் அரிது. எனவே, ஞாயிறு மெல்லச் சுழல்வது ஏன் என்னும் வினா, ஞாயிறு உண்டானது எப்படி என்னும் வினாவாகவே மாறிவிடுகின்றது.

அத்தட்டின் பெரும்பகுதி குளிர்ந்த வளிமமும் தூசும் ஆகும். அங்குப் பிளாஸ்மா ஏது? இளஞாயிற்றுக்கு மிக அண்மையில் வெப்பமே அணுக்களை அயனிகளாக்கிற்று. தொலைவில், இளஞாயிறு வீசிய எக்சு கதிர்களும், விண்வெளியிலிருந்து வந்த அண்டக் கதிர்களும் தட்டின் மேற்புறத்து அணுக்கள் சிலவற்றை அயனிகளாக்கின. அவை மிகச் சிலவே. ஆயினும் குடம் நிறைந்த பாலைத் தயிராக்கச் சிறிது உறைமோர் போதாதோ? காந்தக் கோடுகள் அந்தச் சில அயனிகளை இழுக்க, அவை சுற்றியுள்ள அணுக்களோடு மோதி அவற்றையும் இழுத்துச் சென்றன. அயனிகள் மிகக் குறைந்த இடங்களில் மட்டும் இப்பிடி தளர்ந்தது.

அப்பிணைப்பு செய்த வேலையை ஓர் உவமையால் விளக்குவோம். ஒரு களத்தில் இரண்டு காளைகள் தனித்தனி வட்டங்களில் சுற்றி வருவதாகக் கொள்ளுங்கள். உள்வட்டத்துக் காளை விரைந்து செல்கின்றது; வெளிவட்டத்துக் காளை மெல்லச் செல்கின்றது. இரண்டையும் நெகிழும் கயிறு ஒன்றினால் பிணைத்து விட்டால் யாது நிகழும்? முந்திச் செல்லும் உட்காளையைக் கயிறு பின்னே இழுக்கும். பிந்தி வரும் வெளிக்காளையை முன்னே இழுக்கும். களத்துக் காளைகளுக்கு நிகழ்வது இவ்வளவே. விண்ணிலோ, பின்னிழுக்கப்பட்ட உட்பொருள் கோண உந்தத்தை இழந்து மேலும் உள்ளே விழும். அதனைப் பெற்றுக்கொண்ட வெளிப்பொருள் மேலும் வெளியே விலகும். விலக விலகக் கயிற்றின் இழுப்பும் மிகும். இவ்வாறு தொடங்கிய சிறு குலைவு பெருங்கொந்தளிப்பாக வளர்ந்து, பொருளை உள்ளேயும் கோண உந்தத்தை வெளியேயும் செலுத்தும்.

சுழலும் மின்கடத்து நீர்மங்களில் இத்தகைய குலைவு தோன்றும் என்பதை 1959ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் வெலிகோவும், 1960ஆம் ஆண்டில் சுப்பிரமணியன் சந்திரசேகரும் கணக்கிட்டுக் கண்டனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற தமிழர் அவர். அக்கணக்கு முப்பது ஆண்டுகள் ஏட்டிலே உறங்கிற்று. 1991ஆம் ஆண்டில் இசுடீவன் பால்பசு, சான் ஆலி என்னும் இருவர், விண்மீன்களைச் சூழ்ந்த தட்டுகளுக்கு அதுவே பொருந்தும் என எடுத்துக் காட்டினர். அயனிகள் மிகக் குறைந்த பகுதிகளில், தட்டின் மேற்புறத்திலிருந்து காந்தக் கோடுகள் வழியே வீசும் காற்றும் கோண உந்தத்தைச் சுமந்து செல்லும் என்பது பின்னைய ஆய்வுகளால் அறியப்பட்டது.

தட்டு வற்றிய பின்னரும் ஞாயிறு இன்றுள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு விரைந்து சுழன்றுகொண்டிருந்தது. எஞ்சிய விரைவைத் தணித்தது எது? 1958ஆம் ஆண்டில் யூசீன் பார்க்கர் என்னும் இளைஞர், ஞாயிற்றிலிருந்து பிளாஸ்மா இடையறாது எல்லாத் திசைகளிலும் காற்றெனப் பாய்கின்றது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதனைச் சீர்தூக்கிய அறிஞர் இருவர், அது வெளியிடத் தகாதது என்று தீர்ப்பளித்தனர். அவ்விதழின் ஆசிரியராக அமர்ந்திருந்தவர் சந்திரசேகரே. அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடு இல்லை. ஆயினும் மறுத்தவர்கள் கணக்கில் ஒரு பிழையும் எடுத்துக் காட்டவில்லை என்பதைக் கண்டார், தாமும் காணவில்லை. “எனக்குப் பிடிக்கவில்லை” என்பது மறுப்பதற்குரிய காரணம் ஆகாது எனத் துணிந்து, கட்டுரையை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1962ஆம் ஆண்டில், வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 என்னும் விண்கலம், ஞாயிற்றுக் காற்று வீசுவதை நேரில் அளந்து உறுதி செய்தது. நடுவுநிலைமை என்பது அறமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. அறிவு மன்றத்திற்கும் உரியது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

ஞாயிற்றுக் காற்று நம் நிலவுலகின் அருகே நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகின்றது. அது சுமந்து செல்லும் பொருள் சிறிதே. ஆனால் ஞாயிற்றின் காந்தக் கோடுகள் அப்பொருளைப் பல இலட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை தம் பிடியில் வைத்துச் சுழற்றி, அதன் பின்னரே விடுகின்றன. சுழல்பவன் தன் கைகளை நெடுந்தொலைவு நீட்டினால் வேகம் தணிவது போல, ஞாயிறும் தணிந்தது. கோடானுகோடி ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நிகழ்ந்த அத்தணிவின் பயனே இன்றைய 25 நாள் சுழற்சி. காந்தத்தின் பிடி நெகிழும் அவ்வெல்லைக்கு ஆல்வேன் பெயரையே வழங்குகின்றனர். பார்க்கரின் பெயர் தாங்கி 2018ஆம் ஆண்டில் ஏவப்பட்ட விண்கலம், 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவ்வெல்லையைக் கடந்து உட்சென்றது. ஏளனத்திற்கு ஆளான இருவர் கருத்துகளும் ஞாயிற்றின் வாயிலிலே கைகோத்து நின்றன எனலாம்.

“பல கோடி ஆண்டுகளுக்கு முன் அம்முகிலில் காந்தம் இருந்தது என்பதற்குச் சான்று உண்டோ?” என்று கேட்பது நன்மாணாக்கர் இயல்பு. உண்டு, அது நம் நாட்டு மண்ணிலே கிடைத்தது. இன்று மத்தியப் பிரதேசம் எனப்படும் பகுதியில், செமர்கோனா என்னும் இடத்தில் 1940ஆம் ஆண்டில் ஒரு விண்கல் விழுந்தது. அதனுள் கடுகினும் சிறியனவும் சற்றுப் பெரியனவுமாகிய உருண்டைகள் பல பொதிந்துள்ளன. கோள்கள் தோன்றும் முன் அம்முகிலிலே உருகிக் குளிர்ந்தவை அவை. குளிரும்பொழுது தம்மைச் சூழ்ந்திருந்த காந்தத்தின் வலிமையையும் அவை தம்முள் பதித்துக்கொண்டன. 2014ஆம் ஆண்டில் ரோசர் பூ என்பாரும் அவர்தம் துணைவரும் அவ்வுருண்டைகளை ஆராய்ந்தனர். அப்பண்டைக் காந்தப்புலம், இன்று நம் நிலவுலகின் மேற்பரப்பில் காந்த ஊசியைத் திருப்பும் புலத்தின் அளவினை ஒத்தது எனக் கண்டனர். தட்டின் பொருளை உள்ளே செலுத்துதற்கு அவ்வலிமை போதுமானதாகும்.

எல்லாவற்றையும் பிளாஸ்மாவே செய்தது என்று நீங்கள் முடிவு கட்டுதல் கூடாது. பொருளைத் திரட்டியது ஈர்ப்பு. தூசும் கல்லும் மோதி ஒட்டி வளர்ந்தே நிலவுலகம் போன்ற கோள்கள் உருவாயின. ஞாயிற்றுக் குடும்பத்தின் பிறப்பைப் பற்றி ஆல்வேன் கூறியவற்றுள் பல இன்று ஏற்கப்படவில்லை. பிளாஸ்மா செய்தது, தடையாக நின்ற சுழற்சியை வாங்கி வெளியே அனுப்பியதே. ஆயின், அது செய்யாவிடில் ஞாயிறு இல்லை. ஞாயிறு இல்லையேல் நாமும் இல்லை.

நம் நாடு 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்-1 என்னும் விண்கலத்தைச் சிறீகரிக்கோட்டையிலிருந்து ஏவியது. நிலவுலகிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டு ஞாயிற்றையும் அதன் காற்றையும் ஆராய்வதற்கென அனுப்பப்பட்ட கலம் அது. ஒரு வினா முற்றிலும் விடைபெறுமுன் பல தலைமுறைகள் கழிகின்றன. ஏளனத்திற்கு அஞ்சாது உண்மையைக் கூறிய ஆல்வேனும் பார்க்கரும், தமக்கு உடன்பாடில்லாத கருத்திற்கும் வாயில் திறந்துவிட்ட சந்திரசேகரும் அவ்விடைக்கு வழி அமைத்தவர்கள். நாளைக் காலை ஞாயிறு எழும்பொழுது, மாணவர்களே, அது மெல்லச் சுழல்வதை நினையுங்கள், அவர்களையும் நினையுங்கள்.